ஃபாரஸ்ட் கேட்டுக்குக் கொண்டுபோன சரக்குக் கறி

மாலை நான்கு மணி பதினேழு நிமிடம். இத்தனை துல்லியமாகச் சொல்லக் காரணம் உண்டு. மதுரையில் எங்கள் வீட்டு அடுப்படிக் கடிகாரத்துக்குக் கீழே, பால் எப்போது பொங்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். என் மனைவி சாந்தி கைபேசியைச் சார்ஜில் விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். அமெரிக்காவிலிருந்து மகள் கயல் அவளைத்தான் கூப்பிட்டாள். எடுத்தது நான்.

"அம்மா இல்லையாப்பா?" என்றாள். அவளுக்கு அங்கே காலை ஆறே முக்கால். "பனிக்குடம் உடைஞ்சிருச்சுப்பா."

பதினெட்டாவது வாரம். மருமகன் பிரபு விசா முத்திரைக்காகச் சென்னை வந்து, தேதி தள்ளித் தள்ளிப் போய், திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார். அவள் தனியாக டாக்சி பிடித்து மருத்துவமனைக்குப் போய்விட்டு வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். பிள்ளை தங்காது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் இதயத்துடிப்பு இருக்கிறது, அது இருக்கும்வரை அந்த மாநிலத்துச் சட்டப்படி எதுவும் செய்ய முடியாது, காய்ச்சல் வந்தால் வா, ரத்தம் போனால் வா என்றும் சொல்லியிருந்தார்கள். அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை எடுத்துவிட்ட பிறகு தென் மாநிலங்கள் பலவற்றில் இப்படித்தான் என்று நான் செய்தித்தாளில் படித்திருந்தேன். படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தேன்.

"டாக்டர் சொல்றபடி இரும்மா. அமெரிக்கா ஆஸ்பத்திரி. அவங்களுக்குத் தெரியாததா?" என்றேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது.

மறுநாள் மாலை அவள் மறுபடி அழைத்தபோது ஒரு காருக்குள் இருந்தாள். லொரெட்டா என்றொரு பெண்மணி ஓட்டிக்கொண்டிருந்தார். இப்படி நடுவில் கைவிடப்பட்ட பெண்களைத் தேடிப் போய் உதவுகிற ஒரு சிறிய குழுவைச் சேர்ந்தவர். கறுப்பினப் பெண்கள் நடத்தும் குழு. கயலின் அலுவலகத் தோழி சொல்லி வந்தவர். மூன்று மணி நேரம் ஓட்டினால் பக்கத்து மாநிலம். அங்கே சிகிச்சை கிடைக்கும். சாந்தி என் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். போன் என் கையில். ஸ்பீக்கரில் என் குரல் அந்தக் கார் முழுவதும் கேட்டிருக்கும்.

"போகாதே" என்றேன். "வண்டியைத் திருப்பச் சொல்லு. சட்டம் கிட்டம்னு மாட்டினா விசா போயிடும்." இன்னும் ஒன்றும் சொன்னேன். அதைப் பிறகு எழுதுகிறேன். இப்போதே எழுதக் கை வரவில்லை.

அவள் போனாள். வழியிலேயே காய்ச்சல் ஆரம்பித்துவிட்டது. இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் என்று அங்கிருந்த மருத்துவர் சொல்லத் தொடங்கி, வாக்கியத்தை முடிக்கவில்லையாம்.

அதன் பிறகு ஒன்றரை வருடம். கயலும் பிரபுவும் லண்டனுக்கு வேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்த ஒன்றரை வருடத்தில் கயல் என்னிடம் கேட்டதெல்லாம் மூன்றே கேள்விகள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, போனை அம்மாகிட்ட குடுக்கிறீங்களா. சாந்தி முதலில் வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினாள். நான் பாலிடெக்னிக்கில் விடைத்தாள் திருத்தும் வேலை இருக்கிறது என்று தள்ளிப்போட்டேன். இந்த முறை சாந்தி விடவில்லை. சுங்குடிப் புடவை ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி என் பெட்டியில் வைத்தாள்.

"லொரெட்டா லண்டன் வர்றாங்களாம். நீங்க உங்க கையால குடுக்கணும்" என்றாள். இப்படித்தான் இந்தப் பயணம் ஆரம்பித்தது.

வியாழக்கிழமை காலை விமான நிலையத்துக்குக் கயல் வந்திருந்தாள். மகள் இளைத்துவிட்டாள் என்று எழுதுவதுதான் தகப்பன்களின் வழக்கம். அவள் இளைக்கவில்லை. முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். நன்றாக இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். அவள் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள்.

ரயில் நிறையக் கூட்டம். ஒருவர் கூடப் பேசவில்லை. மதுரையில் பெரியார் பஸ் நிலையத்தில் ஏறித் திருமங்கலம் போய்ச் சேருவதற்குள், பக்கத்து சீட்டுக்காரர் மகளுக்கு எங்கே மாப்பிள்ளை பார்த்தார், அவன் ஏன் வேலையை விட்டான் என்பது வரை நமக்குத் தெரிந்துவிடும். இங்கே எதிர்சீட்டில் ஒரு பள்ளிக்கூடப் பெண் மட்டும் கைபேசியில் ஆங்கிலத்தில் தணிந்த குரலில் பொரிந்துகொண்டிருந்தாள். "என்னால் வர முடியாது. சித்தி வந்திருக்கிறா. காலையில் ஒரு மணி நேரம் என் தோலைப் பற்றியே பேசினா. வெயிலில் போகாதே என்கிறா. இது இங்கிலாந்து, வெயில் எங்கே இருக்கிறது?" அதில் சித்தி என்ற ஒரு சொல்தான் தமிழ். கயலுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. இருவரும் வேறு வேறு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தோம். பேசாமல் இருக்க இந்த ஊர் வசதியானது என்று அப்போது தோன்றியது.

ரெய்னர்ஸ் லேனில் அவர்கள் இருப்பது இரட்டை வீட்டின் ஒரு பாதி. கட்டடத்துறை வாத்தியார் என்பதால் முதலில் என் கண் போனது அந்த நடுச்சுவரில்தான். ஒரே சுவர், இரண்டு குடும்பம். அந்தப் பக்கம் தாளிப்பது இந்தப் பக்கம் கேட்கும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சிவமலர் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு தட்டில் மீன் ரோல்களோடு வந்து நின்றார். அறுபது வயதிருக்கும் பெண்மணி. யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனி, அங்கிருந்து லண்டன். கடை வைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர்.

"ஆர், கயலின்ரை அப்பாவோ? வாங்கோ அண்ணை. உங்கட வீட்டுக்காரி வந்து நிண்டவ. நல்ல மனுசி. நீங்கள்தான் பிந்திப்போனியள்."

விமானம் சரியான நேரத்துக்குத்தான் வந்தது என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு ஒரு ரோலை என் கையில் வைத்தார். மொறுமொறுவென்று மேலே, உள்ளே மிளகோடு மீனும் உருளைக்கிழங்கும். மூன்று சாப்பிட்டேன்.

பிரபு வேலையாக மான்செஸ்டர் போயிருந்தார். சாயங்காலம் நானும் கயலும் மட்டும் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சனிக்கிழமை ஃபாரஸ்ட் கேட்ல ஒரு ஹால்ல மத்தியானச் சாப்பாடு. இங்க இருக்கிற கறுப்பினப் பெண்கள் குழு நடத்துறாங்க. நானும் அதுல வாலன்டியர். அமெரிக்கால லொரெட்டா மாதிரி ஆளுங்க நடத்துற குழுக்களுக்கு இங்கிருந்து ஆதரவு திரட்டுறோம். அவங்களும் வர்றாங்க. நீங்க வர்றது உங்க இஷ்டம்."

"வர்றேன்மா. அம்மா புடவை குடுத்து விட்டிருக்கா."

"புடவைக்காகவா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அன்று படுக்கும்போது நான் கணக்குப் போட்டது இதுதான். என் குரலை லொரெட்டா கேட்டிருக்கிறார். நான் சொன்னதைக் கயல் அவருக்கு மொழிபெயர்த்திருப்பாள். புடவையைக் கொடுத்து, கும்பிட்டு, நன்றி சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை கயல் வேலைக்குப் போனதும் சிவமலர் என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். "சரக்கு வாங்க வேணும், வாங்கோ." நான் தயங்கியதைப் பார்த்து, "உங்கட ஊர்ச் சரக்கு இல்லை அண்ணை, பயப்பிடாதேங்கோ" என்றார். தெருவோரக் கடையில் கொத்தமல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி, வேர்க்கொம்பு என்று வாங்கினார். உள்ளி நம் பூண்டு. வேர்க்கொம்பு நம் சுக்கு. மிளகாய் மட்டும் கிடையாது. எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைப்பது போல, அவர்கள் இவற்றை வறுத்து அரைத்துக் கறி வைப்பார்களாம். சனிக்கிழமை எல்லோரும் ஒவ்வொரு உணவு கொண்டுவர வேண்டும். தன் பங்கு இது என்றார்.

அவர் வீட்டு அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டேன். "பிள்ளை பெத்தவங்க யாரும் அங்க வர்றாங்களா?"

கிரைண்டரை நிறுத்தினார். "உங்கட மகள் வாறாதானே."

"அது... பிரசவம் இல்லையே" என்றேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் அவைதான்.

"பின்னை என்ன? அந்தப் பிள்ளை நோப்பட்டுத்தானே பெத்தது. பிறகு பால் கட்டி ரெண்டு நாள் துடிச்சது. உங்களுக்கு ஆரும் சொல்லேல்லையோ?"

யாரும் சொல்லவில்லை. அல்லது சாந்தி சொல்ல வந்தபோது நான் எழுந்து போயிருப்பேன்.

"பிள்ளை நிண்டதோ போனதோ, பெத்த உடம்பு பெத்த உடம்புதான் அண்ணை. எனக்கும் ஜெர்மனியிலை ஒண்டு போனது. ஏழாம் மாசம். ஆரும் ஒரு கறி வைச்சுத் தரேல்லை. நானே எழும்பிச் சோறு வடிச்சனான். ஆர் ஆர் வந்தவை, என்ன கதைச்சவை எல்லாம் மறந்துபோச்சு. அந்தச் சோத்தை மட்டும் மறக்க ஏலாமல் கிடக்கு." கிரைண்டரை மறுபடி போட்டார். "உள்ளி காணாது. இன்னும் உரியுங்கோ."

உரித்தேன். மதுரையில் சொந்தக்காரர்களிடம் நாங்கள் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தோம். அந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்தவன் நான். என் தங்கை போன் செய்து, குடல்வால் எடுத்தால் புளி சேர்க்கக் கூடாது, கயலிடம் சொல்லு என்றாள், அதையும் சொன்னேன். எங்கள் நாட்டில் கருக்கலைப்புக்குச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. அப்படியிருந்தும் எங்கள் வீட்டில் அதைச் சொல்ல ஒரு சொல் இல்லாமல் குடலைக் கடன் வாங்கினோம். நான் தவறாக நினைத்துக்கொண்டிருந்தது இன்னொன்றும் உண்டு. இதெல்லாம் பிள்ளை வேண்டாம் என்பவர்களின் விவகாரம் என்று. கயல் வேண்டிக் காத்திருந்த பிள்ளை அது. அவள் கேட்டதற்காக நாற்பது பெயர்களை அகர வரிசையில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தேன். அந்தக் கோப்பு இன்னும் என் கணினியில் இருக்கிறது.

சனிக்கிழமை கயல் நாற்காலி போட வேண்டும் என்று முன்னதாகவே கிளம்பிவிட்டாள். நானும் சிவமலரும் பெரிய பானையைத் துண்டால் சுற்றி, சக்கரம் வைத்த சந்தைப் பையில் இறக்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். முந்தின இரவே வழியை வரைந்து வைத்திருந்தேன். ரயில் வந்ததும், "இதுதான், ஏறுங்க" என்றேன்.

"அண்ணை, போர்டைப் பாருங்கோ."

"பாத்துட்டேன். ஏறுங்க."

கதவு மூடியது. மூன்றாவது ஸ்டேஷனில்தான் தெரிந்தது, வண்டி நகரத்துக்கு எதிர்த்திசையில் அக்ஸ்பிரிட்ஜ் போகிறது. சிவமலர் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "உங்கட வீட்டுக்காரி சொன்னவ. அவருக்கு எல்லாம் தெரியும் சிவமலர், அதுதான் பிரச்சினை எண்டு." இறங்கி, பானையோடு படியேறி, அடுத்த பக்கம் படியிறங்கி, திரும்பவும் வந்த வழியே போனோம். நாற்பது நிமிடம் போயிற்று. எனக்கு வியர்த்தது. தெரியாத இடத்தில் அடித்துச் சொல்வது எனக்கு ஒரு தடவை வந்த புத்தி இல்லை என்பதை அந்த ரயில் காட்டிக் கொடுத்தது.

லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் வேறு ரயில் மாறினோம். பெட்டி முழுக்க மிளகும் பூண்டும் மணந்தன. ஒவ்வொருவராக மூக்கை உயர்த்திப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி இருந்தார்கள். கடைசியில் எதிரே நின்ற பெரிய உருவமுள்ள ஒரு கறுப்பின மனிதர் குனிந்து சொன்னார். "அந்தப் பானையில் என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டேன். நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், நானும் அங்கேயே இறங்கிவிடுகிறேன்." சிவமலர் ஆங்கிலத்தில் பதில் கொடுத்தார். "பிள்ளை பெற்றால்தான் கிடைக்கும், தம்பி." பெட்டியே சிரித்தது. லண்டன் ரயிலில் பத்துப் பேர் சேர்ந்து சிரித்ததை நான் பார்த்துவிட்டேன்.

ஃபாரஸ்ட் கேட்டில் இறங்கினால் கறிவேப்பிலையும் வாழைக்காயும் கூடையில் வைத்த கடைகள், தமிழில் எழுதிய பலகைகள். அதைத் தாண்டி ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் அந்த ஹால். சுவரில் துணிப் பதாகை கட்டியிருந்தது. பிள்ளை பெற, பெறாமலிருக்க, பெற்றதைப் பயமில்லாமல் வளர்க்க என்று பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. இனப்பெருக்க நீதி என்று அவர்கள் சொல்வது இந்த மூன்றையும் சேர்த்து.

கயல் என்னை மார்சியாவிடம் ஒப்படைத்தாள். மார்சியாதான் குழுவை நடத்துபவர். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள்; இவர் முப்பது வருடம் மருத்துவச்சியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என்றும், வரவேற்பு, நன்றியுரை, தீர்மானம் எழுதுவது எதிலும் உதவத் தயார் என்றும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு ஒரு மூட்டை வெங்காயத்தையும் கத்தியையும் கொடுத்தார்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டேன். "நீங்கள் அனுப்புகிற உதவி அங்கே சரியாகப் பயன்படுகிறதா என்று யார் கண்காணிக்கிறார்கள்?"

"அவர்கள்."

"அவர்களை யார் கண்காணிக்கிறார்கள்?"

மார்சியா சிரித்துவிட்டார். பிறகு எனக்கு எதிரே உட்கார்ந்து தானும் ஒரு கத்தியை எடுத்தார். "ஒரு கறுப்பினப் பெண் வலிக்கிறது என்று சொன்னால், இவள் மிகைப்படுத்துகிறாளோ என்று முதலில் யோசிக்கிற அறைகளில் நான் நின்றிருக்கிறேன். இந்த ஊரிலும்தான். லொரெட்டா போன்றவர்கள் சட்டம் மாறிய பிறகு கிளம்பியவர்கள் இல்லை. உரிமை புத்தகத்தில் இருந்த காலத்திலேயே அது தங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை என்று தெரிந்து, கார் சாவியும் கையுமாக நின்றவர்கள். தீர்ப்பு வந்த வாரம் உலகமே அவர்களைக் கூப்பிட்டது. அடுத்த வருடம் போன் அடிக்கவில்லை. ஆனால் பெண்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். அதனால் நாங்கள் விடாமல் கூப்பிடுகிறோம். என்ன வேண்டும் என்று கேட்கிறோம். சொன்னதை அனுப்புகிறோம். எப்படிச் செய்ய வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சில பேருக்கு அதுதான் கஷ்டம்" என்றார். எனக்குக் கண் எரிந்தது. கையில் வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

லொரெட்டா முந்தின நாள் பிரிஸ்டலில் பேசிவிட்டு அங்கிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். நெடுஞ்சாலையில் விபத்து, வண்டிகள் நகரவில்லை என்று தகவல் வந்தது. அவர் வர நேரமாகும், சாப்பிட்டுவிடுவோம் என்றார் மார்சியா. கோழை என்பதால் எனக்கு அந்தச் செய்தி இனித்தது.

மேஜையில் ஜோலோஃப் சோறு இருந்தது. நம் தக்காளி சாதத்துக்கு அண்ணன் முறை வேண்டும், காரம் இன்னும் கூட. பொரித்த பழுத்த வாழை, தேங்காய்ப்பாலில் வேகவைத்த பயறும் சோறும். கடைசியில் எங்கள் பானை. நான் தட்டோடு வரிசையில் நிற்கப் போனேன். சிவமலர் அகப்பையை என் கையில் திணித்தார்.

"நீங்களே போடுங்கோ அண்ணை. கயல், பிள்ளை, இஞ்சை வா. முதல் உனக்கு."

"என்னக்கா இது?"

"சரக்குக் கறி. பிள்ளை பெத்தவைக்குக் குடுக்கிறது. உனக்கு ஆரும் தரேல்லை எல்லோ?"

கயல் அப்படியே நின்றாள். பக்கத்தில் நின்ற மார்சியா என்னவென்று கேட்க, அவள் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி நடுவில் நிறுத்திக்கொண்டாள். மிச்சத்தைச் சிவமலர் சொல்லி முடித்தார். நான் சோற்றின் மேல் கறியை ஊற்றினேன். கொஞ்சம் தட்டின் விளிம்பில் சிந்தியது. ஏதாவது சொல்ல வேண்டும். "சாப்பிடும்மா" என்றேன். முப்பது வருடமாகச் சொல்லிவருகிற அதே வார்த்தை. அவள் அங்கேயே நின்று, கையால் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

"இன்னும் கொஞ்சம்?"

"போடுங்கப்பா."

மார்சியா ஒரு கரண்டியால் மேஜையைத் தட்டினார். இந்தப் பானையில் இருப்பது பிள்ளை பெற்ற உடம்புக்கான உணவு, பிள்ளை இப்போது இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று மட்டும் சொன்னார். முதலில் யாரும் அசையவில்லை. பிறகு எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பாட்டியம்மாள் தடியை ஊன்றி வந்தார். அடுத்து ஒரு இளம்பெண். அப்புறம் ஒரு வரிசையே நின்றது. மார்சியா தன் முறை வந்தபோது, என்னிடம் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு அகப்பை கேட்கிறார் என்று நினைத்து ஊற்றினேன். "இரண்டு பிள்ளைகள்" என்றார். பானை காலியாகும்வரை ஊற்றினேன். சாப்பிட்டவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அது மிளகுக்காகவும் இருக்கலாம்.

பிறகு மார்சியா பேசினார், ஆதரவுக்கு வழிகள் சொல்லப்பட்டன, மாதாமாதம் யார் யார் எந்தக் குழுவோடு தொடர்பில் இருப்பது என்று பெயர் எழுதினார்கள். சிவமலர் தன் பெயரையும், என்னைக் கேட்காமலே என் பெயரையும் எழுதினார். கூட்டம் மெல்லக் கலைந்தது. கயல் அடுப்படியில் பாத்திரம் கழுவப் போனாள். நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இனி அவர் வரமாட்டார், புடவையைக் கயலிடமே கொடுத்துவிடலாம் என்று பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். என் மனதிலிருந்த லொரெட்டா நெடிய உருவம்; கடுகடுத்த முகம். வந்தவர் என் தோளுயரம். ஒரு முழங்காலில் பட்டை கட்டி நொண்டினார். "முதலில் பாத்ரூம் எங்கே என்று சொல்லுங்கள்" என்றார். காட்டினேன். திரும்பி வந்ததும் ஒரு நாற்காலியில் பெருமூச்சோடு உட்கார்ந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கள் கயலின் அப்பா. உங்கள் குரல் எனக்குத் தெரியும்."

புடவையை நீட்டினேன். நன்றி என்று ஆரம்பித்தேன். அவர் புடவையை வாங்கவில்லை.

"அன்றைக்கு நீங்கள் போனை வைத்ததும், அப்பா என்ன சொன்னார் என்று அவளிடம் கேட்டேன். 'பயப்படாம போம்மா, நான் இருக்கேன்னு சொன்னார்' என்று ஆங்கிலத்தில் சொன்னாள். காய்ச்சல் ஏற ஏற அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். பயப்படாம போ, நான் இருக்கேன். பயப்படாம போ, நான் இருக்கேன்."

தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். கயல் எனக்காகக் கட்டி வைத்திருந்த வழி அது.

"நான் அப்படிச் சொல்லவில்லை" என்றேன். "போகாதே என்றேன். விசா போய்விடும் என்றேன். அப்புறம்..."

பிறகு எழுதுகிறேன் என்று முதலில் சொன்னது இதைத்தான். என் மகள் உயிருக்குப் போராடிப் போய்க்கொண்டிருந்த காரில் என் குரல் கேட்டது: "யாரு ஓட்டுறது? ப்ளாக்கா? அவங்களை நம்பியா போறே?"

அதை ஆங்கிலத்தில் சொல்ல வாயைத் திறந்தேன். லொரெட்டா கையை உயர்த்தினார்.

"தெரியும்" என்றார். "உங்கள் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் பேசியதில் இரண்டு சொற்கள் எனக்குப் புரிந்தன. ஒன்று விசா. இன்னொன்று ப்ளாக்."

மன்னியுங்கள் என்று சொன்னேனா, நினைத்தேனா என்று இப்போது நினைவில்லை. அடுப்படியில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

"அந்தக் காரில் நிறைய அப்பாக்களின் குரலைக் கேட்டிருக்கிறேன்" என்றார். "நான் ரோட்டைப் பார்த்து ஓட்டுவேன். அவளுக்கு அன்று அந்த வாக்கியம் தேவைப்பட்டது. சொல்ல ஆளில்லை, தானே செய்துகொண்டாள். இத்தனை நாள் அதை வைத்தே ஓட்டியிருக்கிறாள்."

முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் தலையை அசைத்தார்.

"புடவை அழகாக இருக்கிறது. அது காத்திருக்கும். என்னிடம் சொல்ல வந்ததும் காத்திருக்கும். அவள் அங்கேதான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். போய் அந்த வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள்."